பத்து வருஷம் வரும் புஷ்

மெக்கானிக் வளவன் இரண்டு புஷ்களைக் கார் பானெட்டின் மேல் வைத்தான். சக்கரத்தின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சின்ன உருளைகள். ஒன்று கறுப்பு ரப்பர். இன்னொன்று மஞ்சள், பாலியூரித்தேன். நகத்தால் தட்டினால் மாட்டுக்கொம்பைத் தட்டியதுபோல் கேட்டது.

"மஞ்சள் பத்து வருஷம் வரும்ணா. ரப்பரு ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு."

"மஞ்சளே போடு" என்றார் கன்னியப்பன்.

இருபத்திரண்டு வருடம் ஓடிய மாருதிக்கு இன்னும் பத்து வருடம் எதற்கு என்று வளவன் கேட்கவில்லை. போன மாதம் புதுச்சேரியில் கன்னியப்பனை டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, மனைவி ஜெயக்கொடியின் நோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது, தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு மேல்மலையனூர் கோயிலில் கன்னியப்பன் அவளுக்காக வேண்டிக்கொண்டதும் பத்து வருஷம்தான். அம்மனிடம் கேட்டதை மெக்கானிக் எடுத்து நீட்டுவதுபோல் இருந்தது. டாக்டர் சொன்னதை ஜெயக்கொடியிடம் அவர் சொல்லவில்லை.

அவள் பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் செஞ்சியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, தேய்ந்த புஷ் ஒவ்வொரு பள்ளத்திலும் டக்கென்று அடிக்கும். கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வாள். வலிக்கிறதா என்று கேட்டால், ரோடு சரியில்லை என்பாள்.

வளவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லணும்ணா. மஞ்சள் கெட்டி. வண்டி ரோட்டப் புடிச்சிக்கினு போவும். ஆனா பொடிக்கல்லு ஏறினாலும் உக்காந்திருக்கறவங்க முதுகுல தெரியும். அக்காவுக்கு..."

ஜெயக்கொடிக்குக் காது நன்றாகக் கேட்கும். "மஞ்சளே போடுப்பா. எனக்கப்புறம் இவரு தனியா ஓட்டிக்கினு திரியணும் இல்ல? சோறாக்கத்தான் தெரியாது. வண்டியாவது நல்லா இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டாக்டர் சொன்னது அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ. கன்னியப்பன் மஞ்சள் புஷ்ஷை எடுத்து வளவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கறுப்பே போடு."

"ரெண்டு வருஷத்துல திரும்ப மாத்தணுங்க" என்றாள் ஜெயக்கொடி.

"மாத்திக்கலாம்."

வளவன் ரப்பரைப் பூட்டி, ஜாக்கியை இறக்கினான். கடைசி போல்ட்டை மட்டும் இறுக்காமல் விட்டான். வண்டி தரையில் சுமையோடு நிற்கும்போதுதான் அதை இறுக்க வேண்டும். தூக்கி வைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். வழக்கமாக சீட்டில் மணல் மூட்டை வைப்பான். இன்று மூட்டையைத் தொடவில்லை. நாற்காலியருகே போய் நின்றான்.

"நீ வந்து உக்காருக்கா. ஒன் கனத்துக்கே இறுக்கித் தர்றேன்."

கன்னியப்பன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தார். வளவன் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் நுழைந்து, வண்டி அமுங்கட்டும் என்று காத்திருந்தான்.

"உக்காந்துட்டியாக்கா?"

"உக்காந்துதாம்பா இருக்கேன்."

கன்னியப்பன் டயருக்கு மேலிருந்த இடைவெளியைப் பார்த்தார். அவள் உட்கார்ந்த பிறகும் அது அப்படியே இருந்தது. சத்தமில்லாமல் மறுபக்கக் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி மெல்ல அமுங்கியது. அடியில் ஸ்பேனர் திரும்பும் ஓசை கேட்டது.