சிராய்

வலது கன்னத்தை மழித்து முடித்து இடது பக்கம் போனபோதுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவன் தௌனோவின் மூச்சு நின்றுபோனதை இர்மெலி கவனித்தாள். ரேஸரைக் கன்னத்திலிருந்து எடுக்காமல், மூச்சு திரும்புமா என்று பார்த்தாள். பிறகு மணியை அழுத்தினாள்.

மருத்துவர் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "நீங்க அவருக்குக் குடுத்த சிறுநீரகம் கடைசிவரைக்கும் நல்லா வேலை செஞ்சுது" என்றார். இர்மெலி தலையாட்டினாள்.

எல்லாம் ஒரு சிராயில் தொடங்கியது. போன கோடையில் சவுனாவுக்கு, அந்த நீராவிக் குளியலறைக்கு, விறகு பிளந்துகொண்டிருந்தவனிடம் கையுறை எங்கே என்று கேட்டாள். "கையுறை போட்டு வெட்டினா விறகு சிரிக்கும்" என்றான். விரலில் ஏறிய சிராயைப் பல்லால் பிடுங்கித் துப்பினான். இலைகள் உதிரும் நேரத்தில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி எழும்பியது. பிளாஸ்திரி ஒட்டி மறைத்தான். அவள் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனபோது முழங்கை வரை கட்டிகள்.

மக்கிய மரத்தில் வாழும் பூஞ்சையாம். மற்றவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. இன்னொருவர் உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத்தான் அதை எதிர்க்கத் தெம்பு இருக்காது. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். போதவில்லை. அந்த மாத்திரைகளைக் குறைத்தாக வேண்டும், சிறுநீரகம் போனாலும் டயாலிசிஸ் இருக்கிறது என்றார்கள். தௌனோ ஒப்பவில்லை.

"இது உன்னோடது, இர்மெலி. இதத் தொலைச்சுட்டு உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எனக்கு நீதான் வேணும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் அப்படியெல்லாம் பேசிக்கொண்டதில்லை.

"உன் இஷ்டம்" என்றாள்.

பனிக்காலம் முடிவதற்குள் பூஞ்சை மூளைக்கு ஏறிவிட்டது.

இப்போது தாதி வந்து, மீதியைத் தான் மழித்துவிடவா என்று கேட்டாள். இர்மெலி வேண்டாமென்றாள்.

"யாருக்காவது போன் பண்ணிச் சொல்லணுமா?"

"அப்படி யாருமில்லம்மா."

நுரையை மறுபடி குழைத்து, தாடைக்கடியில் தோலை இழுத்துப் பிடித்து, நிதானமாக முடித்தாள். பக்கத்தில் கிடந்த துண்டால் முகத்தை ஒற்றினாள்.

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக் கழற்றாமலேயே சமையலறைக்குப் போனாள். ஒற்றைச் சிறுநீரகக்காரர்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து, நின்றபடியே குடித்தாள். இன்னொன்று பிடித்து அதையும் குடித்தாள்.