பாறையிடுக்கின் கடல் சட்டம்

ஜவ்வாது மலையைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் சர்வதேசக் கடல் சட்டம் தெரிந்த ஆள் தன்னைத் தவிர வேறொருவரும் கிடையாது என்று பூவரசன் டீக்கடையில் அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை. அங்கே கடலைப் பார்த்தவர்களே இரண்டு பேர்தான். அதில் பூவரசன் சேர்த்தியில்லை.

வேலூரில் சட்டம் படிக்கிறவன். கல்லூரியில் நடக்கப்போகும் மாதிரி நீதிமன்றத்தில் அவனுக்கு வாய்த்தது நீரிணை வழக்கு.

"ரெண்டு கடல சேர்க்கிற சந்துதான் நீரிணை. கரை எந்த நாட்டோடதா இருந்தாலும் கப்பல் அதும்பாட்டுக்குப் போவும். யாரும் மறிக்கக் கூடாது, யாரையும் கேக்க வேணாம். நம்மூரு இடுக்குல இன்னா பண்றீங்க? 'வர்றேனோவ்'னு கூவிட்டு, பதில் வருதான்னு காதத் தீட்டிக்கினு நிக்கிறீங்க. கப்பலுக்கே இல்லாத கூச்சல் பைக்குக்கு எதுக்கு?"

ஊருக்குள் போக இரண்டு பாறைகளுக்கு நடுவே அந்த ஒரே வழிதான். நடுவில் வளைவு. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பூவரசன் கூவாமல் பைக்கை விட்டான். வளைவில் அர்ச்சுனன், தலையில் புளிமூட்டை. அவர் கூவிவிட்டுத்தான் நுழைந்திருந்தார். பைக் சத்தத்தில் கேட்காதது இவனுக்குத்தான். வண்டி இடிக்கவில்லை. ஒதுங்கப் பார்த்தவர் பாறையில் சரிந்து விழுந்தார். முழங்கை போயிற்று. புத்தூர் கட்டு.

விழுந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நீ கூவித்தான் இருப்ப தம்பி. எங்காதுதான் செத்துப்போச்சி."

"ஆமா மாமா" என்று பூவரசனின் வாய் சொல்லிவிட்டது. வழக்காடப் பழகிய வாய்.

ஊர் நம்பியது. அவர் மனைவி வெள்ளையம்மாள் அவரைத் தனியே இடுக்குக்குள் விடுவதை நிறுத்தினாள். "செவிட்டு மனுசன், நாளைக்கு ஜீப்பு வந்தா இன்னா பண்ணுவ?" யார் பேசினாலும் அவர் காதோரம் கை வைக்க ஆரம்பித்தார். "சத்தமா பேசு தம்பி" என்பார். பூவரசன் சத்தமாகப் பேசினான்.

கல்லூரி வழக்குக்காகச் சட்டப் புத்தகத்தின் மிச்சப் பக்கங்களையும் படிக்க வேண்டியதாயிற்று. மறிக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் நெரிசலான சந்தில் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று கரை நாடுகள் மற்ற நாடுகளோடு கலந்து வகுக்கலாம். கப்பல்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். மலாக்கா நீரிணையில் பெரிய கப்பல்கள் வானொலியில் பெயரும் போக்கும் சொல்லிவிட்டுத்தான் நுழைகின்றன. அதாவது, கூவுகின்றன.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ரோட்டு மேட்டிலிருந்தே பார்த்தான். இடுக்குக்கு அந்தப் பக்கம், கட்டுப்போட்ட கையோடு அர்ச்சுனன், துணைக்கு ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

இறங்கிவந்து, இடுக்கு வாயில் பைக் எஞ்சினை அணைத்தான். இப்போது கூவினால் அவருக்குக் கேட்கும். கேட்டால், அன்றைக்கு எவனும் கூவவில்லை என்பதும் விளங்கிவிடும்.

இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"வர்றேனோவ்!"

"யாரு, பூவரசனா?" அந்தப் பக்கமிருந்து உடனே வந்தது. "தம்பி, கேக்குதுடா! நல்லாவே கேக்கு..."

பேச்சு பாதியில் நின்றது.

"நீ நில்லு. நான் வர்றேன்."

பூவரசன் பைக்கைப் பாறையோரம் ஒதுக்கிவிட்டு நின்றான்.