அடியில் பூசிய கறுப்பு

அண்ணன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறான் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி அவனைப் பற்றியதல்ல; அவனுடைய சிவப்புக் காரைப் பற்றியது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும் உறுமல். அதைத் தம்பியை ஒருமுறைகூட அவன் ஓட்ட விட்டதில்லை. கழுவ மட்டும் விட்டிருக்கிறான்.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே தம்பி வீடு தேடி வந்து, "வெளி ஆளுக்கு விக்க மனசு வரலடா. நீயே வாங்கிக்கோ" என்றபோது தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கண் மருத்துவமனையில் நாள் முழுக்கப் பிறர் பார்வையை அளப்பவன் அவன். அன்று தன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை மறைக்க அடுக்களைக்குள் போய் நின்றான். கார் கிடைப்பதைவிட, அண்ணன் வாயிலிருந்து "நீயே" என்று வந்ததுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

மனைவிதான் குறுக்கே விழுந்தாள். "வருஷக்கணக்கா மழையில நின்ன வண்டி. தூக்கி அடியில பார்த்துட்டு வாங்குங்க."

"என் அண்ணனையா சந்தேகப்படச் சொல்ற?"

"அண்ணனைத் தூக்கிப் பார்க்கச் சொல்லல. வண்டியை."

அவள் வாயை அடைப்பதற்காகவே, ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லிச் சாவியை வாங்கி, காரைப் பட்டறைக்கு விட்டான். பட்டறைக்காரர் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டுக் கைவிளக்கோடு கீழே போனார். தம்பியும் கூடப் போனான். அடிப்பாகம் முழுக்க மை பூசியதுபோல் பளபளவென்று கறுப்பு. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கான் பாருங்க!"

பட்டறைக்காரர் மூக்கைச் சுளித்தார். "புதுப் பெயின்ட், சார். வாடை இன்னும் போகல."

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்ட சத்தம், ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் வந்ததும் தொப்பென்று அமுங்கியது. முனையைத் திருப்பி லேசாகக் குத்தினார். ஈரக் களிமண்ணுக்குள் போவதுபோல் உள்ளே போனது. வெளியே இழுத்ததும் ஓட்டையை அடைத்திருந்த பட்டிப் பசையும் துருவும் பொலபொலவென்று தம்பியின் சட்டையில் கொட்டின.

"சீட்டைத் தாங்குற தகடே இல்ல. துருப்பிடிச்ச ஓட்டையில பட்டி வச்சு அடைச்சு, மேல கறுப்பு அடிச்சிருக்காங்க. எங்கயாவது இடிச்சா சீட்டோட போயிடுவீங்க. தெரியாமப் பண்ணின வேலையில்ல சார் இது."

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டான். ஏதாவது ஒரு பொய் சொல்லட்டும், நம்பித் தொலைக்கலாம் என்றுதான் அவனுக்கு ஆசை. "அண்ணா, சீட்டுக்கு அடியில தகடு..."

மறுமுனையிலிருந்து ஒரு சீறல். "உன்னை யாருடா அடியில பார்க்கச் சொன்னா?"

அவ்வளவுதான். தம்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளி ஆள் என்றால் தூக்கிப் பார்ப்பான். இவன் பார்க்க மாட்டான் என்றுதான் இவனைத் தேடி வந்திருக்கிறான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அண்ணனோடு இருக்கும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவனை நம்பாம பட்டறைக்குக் கொண்டுபோனியாமே? ஊருக்குப் போற பிள்ளை மனசு நோகலாமா?"

"நானும் உன் பிள்ளைதானேம்மா" என்றான். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம், அண்ணனின் பெட்டிகளைக் கட்டிக் கொடுக்க அவன் போயிருந்த நேரத்தில், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி காரைப் பார்க்க வந்தது. அந்தப் பெண் ஓட்டுபவரின் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தாள். "வண்டி எப்படின்னு என் தம்பியையே கேளுங்க" என்று அண்ணன் சிரித்தான். அவன் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை; தம்பி தலையாட்டுவான் என்ற உறுதிதான் இருந்தது.

"நீங்க உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியில தகடு இல்லம்மா. பட்டறையில தூக்கிப் பாருங்க" என்றான் தம்பி.

அவள் சூடு பட்டவள்போல் இறங்கினாள்.

கார் பழைய இரும்புக்குத்தான் போனது. அண்ணன் கிளம்பிப் போனதே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தம்பிக்குத் தெரியும். அம்மா இப்போதெல்லாம் அவனை விட்டுவிட்டு அவன் மனைவிக்குத்தான் போன் செய்கிறாள்.

"நீங்க செஞ்சது சரிதாங்க" என்று மனைவி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

அது அவனுக்கும் தெரியும். "அம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" என்றான்.

அவள் தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் எழுந்து போனாள்.