பெயர் எழுதிய பாண்

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பள்ளிக்கூட அதிபர். விஞ்ஞானம் படிப்பிக்கும் நுஸ்கா டீச்சர். கோயில் கமிட்டித் தலைவர் இராமசாமி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய் தங்கம்மா, அவளோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர். பின்சுவரோரம் நான். வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் அப்பா மூக்கையா. யாரைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்களோ அந்த ஜீவராணி, அதே வகுப்பில் படிக்கும் என் தங்கச்சி. அப்புறம் ஜன்னலோரக் கயிற்றில் உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கிய பேக்கரிப் பாண் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சிலிசிலிப் பைக்குள்.

பாணையும் ஆள் கணக்கில் சேர்க்கிறேன். அன்றைக்கு அதன் பேச்சுத்தான் எடுபட்டது.

நான் இரா வேலை முடிந்து நேராக வந்திருந்தேன். தேயிலைப் பெக்டரியில் அரைத்த கொழுந்தை டிரையருக்குள் அள்ளிப் போடுவது என் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றவன். பல வருஷம் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தபோது அதே வௌவால் மூத்திர வாடைதான் முகத்தில் அடித்தது. கூட்டம் நடந்த விஞ்ஞான அறையில் மட்டும் அது இல்லை. என் காலத்தில் அந்த அறை பூட்டியே கிடந்தது. நுஸ்கா டீச்சர் வந்த பிறகுதான் திறந்தார்கள். றக்வான டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஜமால்தீன் முதலாளியின் மகள் அவர். முதல் நாள் வளைவுப் பாதையில் பஸ்ஸுக்குள் இரண்டு தரம் சத்தியெடுத்து, வெளிறிப் போய் வந்து இறங்கியவர், அந்த வாரமே பிள்ளைகளோடு சேர்ந்து அறையில் கிடந்த எலிப் புழுக்கையைக் கூட்டி அள்ளிக் கழுவிவிட்டார்.

கரும்பலகையில் எழுதிப் போட்டதைக் கொப்பியில் இறக்குவதுதான் எங்களுக்கு விஞ்ஞானம். இந்த டீச்சர் தொட்டுப் பார், மணந்து பார் என்றார். பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையை வைத்திருக்கும் பொறுப்பை ஜீவராணியிடம் கொடுத்தார். ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையில் எடுத்த பேனை ஒரு கடதாசியில் விட்டு எனக்குக் காட்டினாள். பேனின் வயிற்றுக்குள் இரத்தம் தெரிந்தது. நான் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தேன்.

"சீ, அங்கிட்டு கொண்டு போ புள்ள."

"ஒங்க இரத்தம் இல்லண்ணா, என்னோடது," என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அவள் ஏன் சிரிக்காத பிள்ளை என்றால், அப்பா தோட்டத்தில் வாசக்கூட்டி. லயத்து வீடுகளின் சாக்கடைக் கான்களை வழிப்பது, அடைத்த கக்கூஸ் குழியைத் தோண்டி விடுவது, செத்த நாயை இழுத்துப் புதைப்பது. அப்பாவுக்கு முன்னால் அவருடைய அப்பா செய்தார். நான் பெக்டரிக்குப் போனேன், செய்யவில்லை. அதனால் ஒன்றும் மாறவில்லை. முதலாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் ஜீவராணியின் கையை மோந்து பார்த்து ஓடுவார்கள். அவள் பையில் கடதாசியில் சுற்றிய ஒரு துண்டு சவுக்காரம் எப்போதும் இருக்கும்.

பாண் விஷயத்துக்கு வருகிறேன். கை கழுவாவிட்டால் என்ன நடக்கும் என்று காட்ட டீச்சர் ஒரு பரிசோதனை வைத்தார். ஆளுக்கொரு பாண் துண்டு. பாதிப் பேர் விளையாடிவிட்டு வந்த கையோடு அப்படியே தொட வேண்டும். மீதிப் பேர் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தொட வேண்டும். ஒரு துண்டை யாரும் தொடாமல் இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டார்கள். பைகளைக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, எதில் முதலில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல பரிசோதனைதான். எந்தப் பை யாருடையது என்று தெரிய வேண்டுமே என்று டீச்சர் ஒவ்வொரு பையிலும் மார்க்கரால் பெரிதாகப் பெயரை எழுதினார்.

டவுனில் வளர்ந்தவருக்கு அது வெறும் பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. எதில் பிடிக்கும் என்று அவர்கள் பார்க்கவில்லை. யாருடையதில் பிடிக்கும் என்று பார்த்தார்கள்.

ஜீவராணி கழுவும் பாதியில் இருந்தாள். வெளிப் பைப்பில் மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். மற்றவர்கள் கழுவிவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். இவள் துடைக்கவில்லை. கழுவிய கை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பாணில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தினாள். பாண் ஊறிப் போனது.

அந்த வாரக் கடைசியில் அவள் பையில் பச்சைப் பச்சையாய்ப் புள்ளி விழுந்தது. பிறகு கறுத்துச் சடை பிடித்தது. மற்றவையெல்லாம் வெள்ளையாகவே இருந்தன. தங்கம்மாவின் மகன் அதை போனில் படம் பிடித்து, தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். பெயர் தெளிவாகத் தெரிந்தது. பெக்டரியில் என்னோடு நிற்கிறவன் எனக்கே காட்டினான். கீழே சிரிப்புப் பொம்மைகள். "சயன்ஸே சொல்லிருச்சு" என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் பாதி தின்ற ரொட்டியைத் தூர எறிந்தேன்.

அடுத்த நாளே பிள்ளைகள் அவள் தொட்ட கண்ணாடி முகவையைத் தொடவில்லை. தண்ணீர் பில்டரில் அவள் குடித்தால் பைப்பைக் கழுவிவிட்டுத்தான் குடித்தார்கள். அதற்கடுத்த கிழமை தாய்மார் ஒரு மனுவில் கையெழுத்து வைத்து அதிபரிடம் கொடுத்தார்கள். ஜீவராணி பிராக்டிகலுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் கேட்டது.

கூட்டத்தில் தங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், நாங்க படிக்காத ஆளுங்க. ஆனா கண்ணு இருக்கு. இத்தன பாண்ல எது மொதல்ல கெட்டுச்சு?"

"கை ஈரமா ஈந்திச்சு," என்றார் நுஸ்கா டீச்சர். "ஈரம் கூடினா பூஞ்சணம் கெதியாப் பிடிக்கும். மத்த எல்லாரையும் விட இந்தப் புள்ளதான் நல்லாக் கழுவின. துடைக்கத் துணி வைக்காதது என்ட பிழை."

"ஒங்க பிழைன்னே வச்சுக்குவோம் டீச்சர்," என்றார் இராமசாமி. நெற்றியில் காலையில் பூசிய விபூதி காயாமல் இருந்தது. "ஆனா பாண் ஒங்க பேர்ல கெடலையே."

பெண்கள் சிரித்தார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, நல்ல பெண்கள் சிரிப்பது போல.

"தலைவரே, நான் அள்ளிப் போடுற தூளத்தானே காலையில ஊத்திக் குடிச்சிட்டு வந்தீங்க?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அது டிரையர்ல வெந்து போகுது தம்பி," என்றார். இந்தக் கேள்வியை எப்போதோ தனக்குத்தானே கேட்டு, பதிலும் கண்டுபிடித்து வைத்திருந்தவர் மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஜீவராணி எழும்பினாள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

"திரும்பச் செய்யலாம் சேர். எல்லாரும் ஒரே மாதிரி கைய நனைச்சிட்டுத் தொட்டா தெரியும். ஈரமா, நானான்னு."

அழவில்லை. சூத்திரம் ஒப்புவிப்பது போலத்தான் சொன்னாள். டீச்சர் மேசைக்கடியிலிருந்து ஒரு இறாத்தல் பாணை எடுத்து மேலே வைத்தார். புதுப் பாண், வெட்டியது. பக்கத்தில் ஒரு பேசின் தண்ணீரும் வைத்தார். இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

"வாங்க. பெரியாக்களும் வாங்க," என்றார். "ஆளுக்கொரு துண்டு. பேர் வேணாம், நம்பர் போடுவம்."

ஒருவரும் அசையவில்லை. தங்கம்மா கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங் கைய எதுக்குங்க சோதிக்கணும்? எங் கைக்கு என்ன?"

"ஒன்னும் இல்லாட்டி தொடுங்களேங்க்கா," என்றேன்.

"நீ சும்மா இரு. ஒங்கப்பா மாதிரி அடக்கமா இருக்கப் பழகு."

இராமசாமி கூரையைப் பார்த்தார். அதிபர் போனைப் பார்த்தார். பேசினுக்குள் ஒரு ஈ விழுந்து சுற்றிக்கொண்டிருந்தது.

ஜீவராணி கையை நனைத்து ஒரு துண்டில் அழுத்தினாள். பிறகு கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்து இன்னொரு துண்டில் அழுத்தினாள். இரண்டையும் பையில் போட்டுக் கட்டினாள். "ஒரே ஆள் செஞ்சா பத்தாது," என்று டீச்சரிடம் மெல்லச் சொன்னாள். "ஒப்பிட வேற ஆள் வேணும்." நான் போய்க் கையை நனைத்து ஒன்றைத் தொட்டேன். என் நகத்திடுக்கில் தேயிலைக் கறை. ஒரே வீட்டுக் கைகள். அதனால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் பைகளுக்கு நம்பர் போட்டாள்.

"ஹரி, ஹரி," என்று 'சரி, சரி'யைச் சிங்களத்தில் சொல்லி அதிபர் முடித்து வைக்கப் பார்த்தார். எதையும் தள்ளிப் போடும்போது அவருக்குச் சிங்களம் வந்துவிடும். "ஒரு வழி இருக்கு. பிராக்டிகல் நாள்ல இந்தப் புள்ள லைப்ரரியில இருக்கட்டும். படிக்கிற புள்ளதானே, வாசிக்கட்டும்."

லைப்ரரி என்பது படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு அலுமாரி.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "பரவால்லங்க சேர். புள்ள அங்கயே இருக்கட்டும்."

அன்றைக்கு நான் அருவருத்த ஆட்களில் அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரிய உபகாரம் கிடைத்தவர் மாதிரி கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

நுஸ்கா டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு புள்ளய வெளிய போட்டுட்டு நான் பிராக்டிகல் செய்ய மாட்டேன் சேர். செஞ்சா எல்லாருக்கும். இல்லாட்டி ஒருத்தருக்கும் இல்ல."

நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதிபர் போனை மேசையில் வைத்தார். கூட்டம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

"அது நியாயம் டீச்சர். அப்ப ஒருத்தருக்கும் வேணாம். புத்தகத்துல படம் இருக்கு, அது போதும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"நான் அப்படிச் சொல்லல்ல சேர்."

"நீங்கதானே சொன்னீங்க," என்றார் இராமசாமி. "எல்லாரும் கேட்டோமே."

தங்கம்மா தலையாட்டினாள். எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள். அவர்கள் கேட்டது ஒரு பிள்ளையை விலக்க. கிடைத்தது தங்கள் பிள்ளைகள் எல்லாரையும் விலக்கிய முடிவு. அதில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டீச்சர் மார்க்கர் பேனையின் மூடியைத் தேடத் தொடங்கினார்.

"அப்ப இந்தக் குப்பையெல்லாம்..." என்று அதிபர் கயிற்றைப் பார்த்து இழுத்தார்.

வாக்கியம் முடியவில்லை, அப்பா ஒரு உரச் சாக்கோடு உள்ளே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டார். அவர்கள் பிள்ளைகளின் பெயர் எழுதிய பாணை எல்லாம் அவர் கையால் எடுத்தார். அதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. குப்பையாகிவிட்ட பிறகு அவர் கை பரவாயில்லை.

இந்த இரண்டு கிழமைக்குள் மற்றப் பைகளிலும் பூஞ்சணம் பிடித்திருந்தது. தங்கம்மாவின் மகனுடையது பாசி படர்ந்த கல் மாதிரி பச்சையாய், உள்ளே மஞ்சள் தண்ணீர் விட்டுக் கிடந்தது. அப்பாவின் கையிலிருந்து அதை வாங்கித் தங்கம்மாவுக்கு முன்னால் நீட்டினேன். அவள் மகன் பெயரைப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பை ஓட்டையா இருந்திருக்கும்," என்றாள்.

பையைச் சாக்கில் போட்டேன். பேசி என்ன?

கூட்டம் கலைந்தது. பெண்கள் கொழுந்துக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கிப் போனார்கள். நுஸ்கா டீச்சர் ஜீவராணியிடம் வந்து, "நான் பேர் எழுதியிருக்கக் கூடாது மகள்," என்றார்.

"பேர் எழுதாட்டி யாரோடதுன்னு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றாள் இவள். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அப்பா கடைசியாக மேசையிலிருந்த மூன்று புதுப் பைகளையும் எடுக்கக் கையை நீட்டினார்.

"அதத் தொடாதீங்கப்பா. பார்க்கணும்."

அவளே அவற்றை எடுத்துக்கொண்டு போய், வெறுமையாகிவிட்ட கயிற்றில் சரியான இடைவெளி விட்டுத் தொங்கவிட்டாள். கைவில்லையைத் துணியில் சுற்றி, பைகளுக்குக் கீழே ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நாளைக்கு வந்து பார்ப்பதற்கு வசதியாக. அதிபர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். என் காலத்துப் பழைய பூட்டு. எண்ணெய் விட்டிருந்தார்கள்.

"எப்ப சேர் தெறப்பீங்க?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம், பார்க்கலாம். வெளிய வாம்மா."

அவள் ஒரு தரம் கயிற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அதிபர் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.