உச்சிப் பாறையில் ஒரு தாம்பாளம்

ராசாத்திக்குத் தாலிக்கயிற்று மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. அதற்குள் புருஷனைத் தொலைத்துவிட்டாள்.

அதுவும் காட்டிலா, மேட்டிலா? திருச்சிராப்பள்ளி பெரிய கடை வீதியில், பட்டப்பகலில்.

குற்றம் அவள் பேரில் என்றும் சொல்லிவிட முடியாது. உப்பிலியபுரத்துப் பக்கம் பச்சைமலை அடிவாரத்தில் அவர்கள் ஊர். அங்கே புதுப்பெண் புருஷனுக்கு நாலடி பின்னால்தான் நடக்க வேண்டும். தலையையும் தூக்கக் கூடாது. தூக்காமல் எதைப் பார்த்து நடப்பது? முன்னால் போகிறவன் குதிகாலைத்தான். ஆகவே பிச்சமுத்துவின் முகத்தைவிட அவன் குதிகாலைத்தான் அவள் அதிகம் பார்த்திருந்தாள். வெடிப்பு விட்ட குதிகால், அதன் கீழே தேய்ந்த தோல் செருப்பு. அதைப் பிடித்துக்கொண்டே அன்று காலை சமயபுரத்தில் கோயிலைச் சுற்றினாள். அதைப் பிடித்துக்கொண்டே டவுனுக்கும் வந்தாள்.

மாமியார் சொல்லி விட்டபடி பித்தளைத் தாம்பாளம் ஒன்று வாங்கியாயிற்று. அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு பாத்திரக் கடையை விட்டு இறங்கினாள். எதிரே நாயனமும் தவிலுமாக ஒரு கல்யாண ஊர்வலம் வந்து மோதியது. சுவரோடு சுவராக ஒதுங்கி, ஊர்வலம் போனதும் மறுபடி குதிகாலைத் தேடினாள். கிடைத்தது. அதே வெடிப்பு, அதே தேய்ந்த செருப்பு. பின்னாலேயே போனாள். குதிகால் தெப்பக்குளத்தைப் பாதி சுற்றி ஒரு ஜட்கா வண்டியருகே நின்றது.

'பரவாயில்லையே, வண்டியெல்லாம் பேசியிருக்கிறாரே!' என்று உள்ளுக்குள் பூரித்துப்போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கம்மா போகணும்?"

'இது என்ன, புதுசாக அம்மா என்கிறார்?' என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே வெட்கத்தோடு சொன்னாள்: "நீங்க எங்க கூட்டிக்கிட்டுப் போனாலும் வரேங்க."

"யா அல்லா!"

அப்போதுதான் ராசாத்தி தலையைத் தூக்கினாள். வெள்ளைத் தொப்பி. நரைத்த தாடி. பிச்சமுத்துவுக்கு இரண்டும் கிடையாது.

வண்டிக்காரர் பெயர் குத்புதீன். நல்ல மனுஷர். தெருவே பார்க்கும்படி இவள் போட்ட கூச்சலில் முதலில் ஆடிப்போனவர், விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் குதிகாலை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

"கவலைப்படாதேம்மா. கடை வீதியிலேதான் நிப்பாரு. கூப்பிடு."

"ஏங்க!" என்று கூப்பிட்டாள் ராசாத்தி.

பெரிய கடை வீதியில் 'ஏங்க' என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? வீதியே திரும்பிப் பார்த்தது. வெற்றிலைக் கடையில் நின்றவர், மூட்டை தூக்கிக்கொண்டு போனவர், மாடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர், எல்லாரும் பார்த்தார்கள். அத்தனை பேரும் அந்தந்த வீட்டில் 'ஏங்க'தான். அவளுடைய 'ஏங்க' மட்டும் அங்கே இல்லை.

"பேரைச் சொல்லும்மா, நான் கூப்பிடுறேன்."

ராசாத்தி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். புருஷன் பேரைச் சொல்வதாவது!

"சரிதான். எங்க வூட்டுலயும் இதே கதைதான். 'ஜெகபரோட அத்தா'ன்னு மகன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவா. உனக்கு மகனும் இல்லே, என்ன பண்றது?"

ராசாத்திக்கு அழுகை முட்டியது. அவன் கிடைக்காமலா போவான்? அந்தப் பயம் இல்லை. பயமெல்லாம் சமயபுரத்தில் இருந்தது. ஊர்ச் சனம் மொத்தமும் அங்கே வண்டி அவிழ்த்துப் போட்டுக் காத்திருக்கிறது. பொழுது சாய்ந்தால் மாடு பூட்டிவிடுவார்கள். காலையில் இவர்கள் இருவரும் கிளம்பும்போதே நாத்தனார் அமிர்தம் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ஏண்டி, எங்கண்ணனை முழுசாக் கொண்டாந்து சேப்பியா? டவுன்ல தொலைச்சுட்டு வந்து நிக்காதே!" ஒரே சிரிப்பு. அவர்கள் ஊரில் துறையூர்ச் சந்தையில் ஒரே ஒரு ஆட்டைத் தொலைத்த அம்மாசியை 'ஆட்டைத் தொலைச்ச அம்மாசி' என்றுதான் சாகும் வரைக்கும் கூப்பிட்டார்கள். அவன் பேரனையும் இன்றைக்கு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆட்டுக்கே இப்படியென்றால், புருஷனைத் தொலைத்தவளுக்கு என்ன பட்டம் கட்டுவார்கள்! பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் ஜோடியாகப் போய் நின்றாக வேண்டும்.

ஆட்டை நினைத்ததும் அவளுக்குப் புத்தி வந்தது. ஆடு தொலைந்தால் ஊரில் என்ன செய்வார்கள்? பாறை மேல் ஏறிப் பார்ப்பார்கள்.

"பாய், இந்த ஊர்ல எல்லாத்தையும்விட ஒசரமான இடம் எதுங்க?"

குத்புதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஊர் காட்டுவதுதானே அவர் பிழைப்பு! "அப்படிக் கேளு! மாதா கோயில் கோபுரம் இருக்கு, ஊசி மாதிரி. ஆனா ஏற விடமாட்டாங்க. பொன்மலை இருக்கு. ஏறினா ரயில் புகைதான் தெரியும். காவேரிப் பாலத்துல நின்னா காத்து நல்லா வரும், ஆனா அது பள்ளம். ஊரையே உள்ளங்கையில வச்சுப் பாக்கணும்னா..." சாட்டையால் மேலே காட்டினார்.

ராசாத்தி அண்ணாந்து பார்த்தாள். இத்தனை நேரம் குனிந்தே நடந்ததில், தலைக்கு மேலே ஒரு மலையே நின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"அங்கேருந்து எல்லாம் தெரியுங்களா?"

"காவேரி, கொள்ளிடம், சீரங்கம், அத்தனையும் தெரியும்னு ஏறினவங்க சொல்வாங்க."

"நீங்க ஏறினதில்லையா?"

"குதிரையை யாரும்மா பாத்துக்கிறது?" என்றார் குத்புதீன்.

மலைக்கோட்டையின் இருட்டுக்குள்ளே செதுக்கிய படிகள். பட்டை பட்டையாகச் சுண்ணாம்பும் காவியும். ராசாத்தி தாம்பாளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினாள். பச்சைமலையில் விறகுக்கட்டோடு ஏறி இறங்கிய கால்களுக்கு இது ஒரு பொருட்டா? மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனாள். வெளியே வந்ததும் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. கடைசிப் படியும் ஏறி, பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரண்டை ஓடினாள்.

ஓடினவள் அப்படியே நின்றாள்.

என்ன ஊர் இது! யாரோ சோளத்தை வாரி இறைத்ததுபோல் ஓட்டு வீடுகள். தெப்பக்குளம் ஒரு கைக்கண்ணாடி. கடை வீதியில் மனுஷர்கள் கட்டெறும்பாய் ஊர்ந்தார்கள். அடிவாரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜட்கா. அதன் முன்னால் ஒரு வால் ஆடியது. இந்தப் பக்கம் காவேரி, இரு கரையும் தொட்டுக்கொண்டு. அதற்கப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளிருந்து கோபுரம் கோபுரமாக எழுந்து நின்ற ஸ்ரீரங்கம். முன்னால் நின்ற ஒன்றுக்கு மட்டும் தலையே இல்லை. கட்டிக்கொண்டே இருந்தவர்கள் சோற்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வராததுபோல் மொட்டையாக நின்றது. அதற்கும் அப்பால் இன்னொரு ஆறு! அதற்கும் அப்பால், வானத்தோடு வானமாக, நீலமாக ஒரு கோடு...

"அய்யோ, அது நம்ம மலை!" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் கையைப் பிடித்து உலுக்கினாள். "எங்க ஊரு மலைங்க! அந்த வளைவுக்குக் கீழேதான் எங்க வீடு! அடுப்புகூட அணைக்காம வந்துட்டேன், புகை தெரியுதா பாருங்க!"

அந்த அம்மாள் கையை உருவிக்கொண்டு நகர்ந்துபோனாள். ராசாத்திக்குத் தலை கிறுகிறுத்தது, சிரிப்பும் பொங்கியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், மறுபடி சுற்றினாள். மூன்றாவது சுற்றில்தான் தான் ஒரு புருஷனைத் தேடி வந்தவள் என்பது ஞாபகம் வந்தது.

பிச்சமுத்துவின் அடையாளம், சிவப்புத் துண்டு கட்டிய தலை. கீழே பார்த்தாள். சிவப்புத் துண்டு இல்லாத தலையைத்தான் தேட வேண்டியிருந்தது.

வெயில் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தாள். அப்போது கண்ணில் சுள்ளென்று ஏதோ பட்டது.

ஆற்றுக்கு அக்கரையில், அந்த மொட்டைக் கோபுரத்தின் தலையிலிருந்து ஒரு ஒளி. ஒரு வெட்டு வெட்டி அணைந்தது. கொஞ்சம் பொறுத்து, படபடவென்று துடித்தது.

ராசாத்தி சட்டென்று நிமிர்ந்தாள். இது அவளுக்குத் தெரிந்த வெளிச்சம். போன தை மாசம் சோளக்காட்டில் பரண் மேல் நின்று அவள் குருவி விரட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சரிவுப் பரணிலிருந்து எவனோ ஒரு வேலையற்றவன் உடைந்த கண்ணாடிச் சில்லால் அவள் முகத்தில் வெயிலடித்துக்கொண்டே இருந்தான். ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம், பிறகு படபடப்பு. அவளும் கவணில் கல் வைத்து எறிந்து பார்த்தாள், வாய்க்கு வந்தபடி வைதும் பார்த்தாள். அந்தச் சண்டைதான் ஆவணியில் கல்யாணமாக முடிந்தது. இன்று காலை சமயபுரத்துக் கடையில் தகர விளிம்பு போட்ட வட்டக் கண்ணாடி ஒன்றை அவன் அவளுக்கென்று வாங்கினான். எல்லார் எதிரிலும் வாங்கிக்கொள்ள வெட்கப்பட்டு அவள் ஓடிவிட்டாள். அதை அவன் மடியில் கட்டிக்கொண்டான்.

"ஏங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டு ஆண்கள் திரும்பினார்கள்.

தாம்பாளத்தை எடுத்தாள். முந்தானையால் பரபரவென்று தேய்த்தாள். வெயிலை அதில் பிடித்து, சாய்த்து, மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து எறிந்தாள். ஒரு வெட்டு. ஒரு நிறுத்தம். படபட.

அக்கரை வெளிச்சம் ஒரு கணம் செத்தது. பிறகு பைத்தியம் பிடித்ததுபோல் குதித்தது.

படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. "பாய்! சீரங்கம்! சீக்கிரம்! மொட்டைக் கோபுரத்து மேல நிக்கிறாருங்க!"

"மேலயா? ஏன்?"

"என்னைத் தேடித்தாங்க!"

குத்புதீன் சாட்டையைச் சுண்டினார். "சுல்தான், பறடா!" என்றார். கிழட்டுக் குதிரை வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பெயருக்கேற்ற மாதிரி ஓடியது.

"ஏம்மா, மேலேருந்து நம்ம சுல்தான் தெரிஞ்சானா?"

"தெரிஞ்சுதுங்க. வாலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு."

"சுபுஹானல்லா!" என்றார் அவர். தாடிக்குள் சிரிப்பு அடங்கவில்லை.

காவேரிப் பாலத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக ஊர்ந்தன. பாதிப் பாலம் வந்ததும் ராசாத்தி பார்த்துவிட்டாள். இப்போது அவள் தலையைக் குனியவில்லை. மூட்டை வண்டிகளுக்கு அந்தப் புறம் ஒருவன் டவுனை நோக்கிக் காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தான். சிவப்புத் துண்டு கழுத்தில் தொங்கியது, கையில் வட்டக் கண்ணாடி. முகம்! எத்தனை லட்சணமான முகம்! இத்தனை நாளாகக் குதிகாலையா பார்த்துக்கொண்டிருந்தோம்?

"ஏங்க! ஏங்க!"

வண்டிக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவன் ஒருவன்தான் திரும்பவில்லை. மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஓடிக்கொண்டே இருந்தான். இந்த ஓட்டத்தில் அவன் மலையேறி, இவள் அக்கரை போய், மறுபடி இறங்கி, மறுபடி ஏறி... பொழுது சாய்ந்துவிடும். பேரைச் சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாமியார் முகம் தெரிந்தது. பேர் உள்ளே போய்விட்டது.

ராசாத்தி குத்புதீன் கையிலிருந்த சாட்டைக் கம்பைப் பிடுங்கினாள். வண்டியில் எழுந்து நின்றாள். தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து, சோளக்காட்டில் கிளிக்கூட்டத்தை விரட்டத் தகரம் தட்டுவதுபோல் ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

டணார், டணார், டணார்!

மாடுகள் மிரண்டு நின்றன. பாலத்தடியில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். அந்தத் தட்டு எந்தக் காட்டுத் தட்டு என்று அவனுக்கா தெரியாது?

மூட்டைகள் மேல் ஏறிக் குதித்து வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எங்கடி போனே?"

"நீங்க எங்க போனீங்க?"

"தாம்பாளத்தோட ஒரு பொண்ணு ஜட்காவுல ஏறிச்சுன்னு கடையில சொன்னாங்க. ஜட்கான்னா சீரங்கந்தான்னாங்க. அங்க போனேன், காணோம். ஆடு தொலைஞ்சா ஒசரத்துல ஏறித்தானே பாப்போம்? ஏறி, நாலு பக்கமும் கண்ணாடி அடிச்சேன். கீழே ஒரு ஐயங்கார் 'எறங்குடா கடங்காரா, பெருமாள் கோபுரம்டா'ன்னு குதிக்கிறாரு!"

"நான் என்ன ஆடா?"

"நீயும் மலைமேலதானேடி ஏறினே? தொலைஞ்ச ஆடும் அதைத்தான் செய்யும்!"

ராசாத்தி சாட்டைக் கம்பை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே வண்டியில் தாவி ஏறினான். "அது போகட்டும். மலைக்கோட்டையைப் பாத்தியா? அங்கேருந்து பாக்கணும்டி! ஊருக்கு நடுவுல யானை படுத்திருக்கிற மாதிரி!"

"நான் அது மேலதானே நின்னேன்! அது எனக்கு எப்படித் தெரியும்? மொட்டைக் கோபுரம் நல்லாத் தெரிஞ்சுது."

"நான் அது மேல நின்னேன். எனக்கு அது தெரியலையே!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் மலைக்கோட்டை, அந்தப் பக்கம் கோபுரங்கள். குத்புதீன் கேட்காமலே கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தினார். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தாள், ஒருவன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு மாற்றிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற மூட்டை வண்டிக்காரர் போட்ட சத்தத்தில்தான் சுல்தான் மறுபடி நகர்ந்தது.

சமயபுரத்தில் மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுது பனைமர உயரத்தில் நின்றது. முதலில் கண்டவள் அமிர்தம்.

"என்னடி, கொண்டாந்து சேத்துட்டியா? எங்கண்ணன் தொலையலையே?"

"அவரா? பெரிய கடை வீதியிலேருந்து பாலம் வரைக்கும் எங்கேயும் தொலையவே இல்லை" என்றாள் ராசாத்தி. தாம்பாளத்தைக் குப்புறப் பிடித்துக்கொண்டாள். பாலத்தில் அறைந்ததில் நடுவில் விழுந்திருந்த சொட்டை யார் கண்ணிலும் படக்கூடாதே என்று.

குத்புதீன் தாடியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அமிர்தத்துக்கு வேறு ஒன்றுதான் உறுத்தியது. அண்ணி தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நாலடி பின்னால் அண்ணன், சுற்றுமுற்றும் பார்க்காமல், தலையைக் குனிந்து, அவள் குதிகால் மேலேயே கண்ணாக வந்துகொண்டிருந்தான்.