சோதிலிங்கத்தார் வந்த கதை

சோதிலிங்கத்தாருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சம்பந்தியாகப் போகிற அன்னா தன்னை நல்ல மனிசன் என்று நினைக்க வேண்டும். மகள் மிதுசா கட்டப்போகிற பென்ஜமினின் தாய்தான் அன்னா. கிழக்கு பேர்லினில் பிறந்து வளர்ந்த, அதிகம் பேசாத மனுசி. அவரை முதன்முதலாகச் சந்திக்கத்தான் தகப்பனும் மகளும் டோர்ட்மண்டிலிருந்து பேர்லினுக்கு ரயிலேறி வந்திருந்தார்கள்.

"அப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இண்டைக்கு மட்டும் உங்கடை பகிடிக் கதையளை எடுக்காதேங்கோ."

"ஓமம்மா, நான் வாயே திறக்கமாட்டன்."

திறக்காத வாயா அது!

அன்னா, மகன் பென்ஜமினோடு, அவர்களை ஸ்பிறே ஆற்றங்கரையோரமாக நடத்திக் கூட்டிப்போனார். பாராளுமன்றக் கட்டடம், அருங்காட்சியகங்கள், சுற்றுலாப் படகுகள், கரையில் சாய்ந்து கிடந்து பியர் குடிக்கும் சனம். ஓரிடத்தில் அன்னா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். நேரம் போனது. எங்கடை ஆட்களுக்கு இப்படி ஒருவர் பேசாமல் நின்றால் பொறுக்குமா? மனுசிக்கு அலுத்துவிட்டதாக்கும் என்று சோதிலிங்கத்தார் தானாகவே முடிவுகட்டினார். உடனே தன் 'வந்த கதை'யை எடுத்துவிட்டார்.

அகதியாக வந்த எல்லோரிடமும் ஒரு வந்த கதை உண்டு. அழவேண்டிய அந்தக் கதையைக் கலியாணவீடுகளில் வயிறு குலுங்கச் சொல்லுவார்கள். அதில் சோதிலிங்கத்தாரை வெல்ல ஆளில்லை.

"எண்பத்தைந்தில் கிழக்குப் பக்கத்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன்," என்று டொச் மொழியில் தொடங்கினார். "சுவரா, துவக்கா, நாயா, எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லையில் நின்ற காவல்காரப் பையன் வெளிநாட்டுப் பாஸ்போட்டைப் பார்த்தான், சிரித்தான், 'நல்ல பயணம்' என்று மேற்குக்குப் போகிற ரயிலைக் காட்டினான். அவ்வளவுதான்! உங்கள் பெரிய சுவர் எனக்கு வெறும் படலை!"

படலையைத் தள்ளித் திறப்பதுபோல் நடித்தும் காட்டினார். பென்ஜமின் மிதுசாவின் கையை இறுக்கிப் பிடித்தான். சோதிலிங்கத்தார் அதைக் கண்டார். கண்டும் நிறுத்தவில்லை. பகிடியின் உச்சியில் நின்று யார்தான் இறங்குவார்கள்? தானே முதலில் சிரித்தார்.

அன்னா சிரிக்கவில்லை.

"எந்த மாதம்?"

"நவம்பர்."

"என் தம்பி அதே வருடம் ஒக்ரோபரில் மேற்குக்குப் போகப் பார்த்தான். இந்த ஆற்றை நீந்தி. தண்ணீருக்குள் வைத்தே சுட்டுவிட்டார்கள்."

சோதிலிங்கத்தாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பவும் வழியில்லை. அவருடைய சொந்தத் தம்பி இராசலிங்கமும் ஊரில் கிளாலிக் கடலேரியில் வள்ளமேறிப் போனவன்தான். அரசாங்க நேவி சுட்டு, உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கலியாணவீட்டில் எவனோ தான் கிளாலி கடந்ததைப் பகிடியாகச் சொன்னபோது, சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனவர் இதே சோதிலிங்கத்தார். அன்றைக்கு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். இன்றைக்கு யாரைத் திட்டுவது?

"அந்தக் காவல்காரன்," அன்னா கேட்டார், "உண்மையாகவே சிரித்தானா?"

அந்தக் கதைக்குக் கையும் காலும் வைத்து அவர் எத்தனையோ சேர்த்திருக்கிறார். சேர்க்காத ஒன்று அந்தச் சிரிப்புத்தான். பூனைமயிர் மீசைக்காரப் பையன், நல்ல வடிவாகச் சிரித்தான்.

"இல்லை," என்றார். "அது நான் பகிடிக்குச் சேர்த்தது. அவன் முகத்தைக்கூடக் காட்டவில்லை."

மிதுசா திடுக்கிட்டுத் தகப்பனைப் பார்த்தாள்.

அன்னா அவர் கண்களைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளை மெல்லத் தொட்டு, "நன்றி," என்றார். அன்னா அந்தப் பொய்யை நம்பவில்லை என்பது சோதிலிங்கத்தாருக்கு விளங்கிவிட்டது.