இடப்பக்கம் இழுக்கும் நாற்காலி

சின்னமனூர் முல்லைச் சேவைச் சங்கத்தின் சேமிப்புப் பணம் வங்கி டெபாசிட்டில் பத்திரமாக இருந்தது. அதைத் தொடவிடாமல் காவல் காத்தார் பொருளாளர் வைகுண்டராஜ், இரும்புக்கடைக்காரர். பணம் எடுக்கக் கையெழுத்துக் கேட்டால் பேனாவில் மை இல்லை என்பார்.

தலைவர் சேக் தாவூது, வாழைத்தார் வியாபாரி, வருசா வருசம் கேட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நாம இரவல் குடுக்குற வீல்சேரெல்லாம் லொடலொடங்குது. டெபாசிட்ட உடைச்சுப் புதுசு வாங்குவமே."

"ஆபத்துக்குன்னு வச்சிருக்குற பணம் பாய். சக்கரம் சுத்துதுல்ல? போதும்."

சொந்தக் காசில் அவர் தாராளமான மனுசன்தான். ஆனால் சங்கம் ஒருநாள் யாரிடமும் போய் நிற்கக்கூடாதே என்று அவருக்கு அப்படியொரு பயம்.

போன மழையில் கடைவாசலில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டாயிற்று. சங்கத்து வீல்சேர் ஒன்று வீட்டுக்கு வந்தது. மனைவி கிருபாவதி சர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு போனால், அது இடப்பக்கமாக இழுத்துச் சாக்கடையைப் பார்த்தே போனது.

"ஏங்க, முடியாதவுகளுக்கெல்லாம் இதத்தான் குடுத்தீகளா?" என்றாள், மூச்சு வாங்க.

வைகுண்டராஜ் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். இதே வண்டியில்தான் தெற்குத்தெரு சங்கிலியம்மாள் ஒரு வருசம் உட்கார்ந்திருந்தாள். திருப்பிக் கொடுத்தபோது, "நல்லா இருந்துச்சுய்யா" என்று கும்பிட்டாள். சும்மா வாங்கிய பொருளைக் குறை சொல்ல மனசு வராமல் அவள் சொன்னது அது என்பது இப்போதுதான் உறைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குத் தாவூதுதான் தள்ளிக்கொண்டு போனார். வண்டி இரண்டு முறை பூக்கடைக்குள் நுழையப் பார்த்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது வைகுண்டராஜுக்கு.

கூட்டம் தொடங்கியதும் அவரே கை நீட்டினார். "பாய், பேனா குடுங்க. டெபாசிட்ட உடைப்போம்."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"பாதிக்குப் புது வண்டி வாங்குங்க. மீதிய மறுபடி டெபாசிட்டுல போட்றணும்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

தாவூது சிரித்தார். "பழசையெல்லாம் எடைக்குப் போட்ருவமா அண்ணாச்சி?"

"போடுங்க. இத மட்டும் இங்கனயே வைங்க."

"இது எதுக்கு?"

"இனிமே பொருளாளரா வர்றவுக, இதுல உக்காந்துக்கிட்டுத்தான் பணம் இல்லைன்னு சொல்லணும்."

கால் சரியான பிறகும் கூட்டத்துக்கு வந்தால் அவர் அதில்தான் உட்காருகிறார்.